இடக்காது அப்பாவுக்கு

நீதிமன்றம் கட்டளை சொன்ன அன்றைக்கே யசோதரன் அந்தக் கடதாசியைக் கொண்டுபோய் லமினேட் பண்ணிவிட்டான். கலியாணம் முறிந்த கவலையில் இருக்கிறவன் செய்கிற வேலையா இது என்று கடைக்காரப் பொடியனே ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தான். யசோதரனுக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அவன் முதலில் வேலி போட்டுவிட்டுப் பிறகு ஆறுதலாகக் கவலைப்படுகிற ஆள்.

அந்தக் குணம் அவனுக்கு வயலால் வந்தது. பெரியமடுவில் அவர்களுடைய வயலுக்குப் பக்கத்து வயற்காரர் ஒவ்வொரு போகமும் வரம்பு கட்டும்போது மண்வெட்டியால் இந்தப் பக்கம் ஒரு சீவல் சீவுவார். கேட்டால், "புல்லுத்தான் செதுக்கினனான் தம்பி" என்று பல்லைக் காட்டுவார். யசோதரனின் தகப்பன் பரமநாதன் சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். அவர் கண்ணை மூடிய பிறகு நில அளவைக்காரர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்தால், வரம்பு நடந்து நடந்து உள்ளே வந்திருந்தது. ஒருவரும் ஒரு நாளும் அவருடைய காணியைப் பறிக்கவில்லை. சீவித்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து யசோதரன் எதற்கும் வரம்பிலேயே நின்று கண் விழித்துப் பார்க்கிறவனாகிவிட்டான். மனைவி பிரேமினி அவனை விட்டுப் போனதற்கும் அதுதான் காரணம். தேத்தண்ணிக்குச் சீனி யார் போடுவது என்பதற்கும் வரம்பு பார்க்கிற ஒருவனோடு எத்தனை காலத்துக்குத்தான் ஒருத்தி குடும்பம் நடத்துவது?

கட்டளை நல்ல கட்டளைதான். மகள் லக்சிகாவின் கட்டுக்காப்பு, அதாவது பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்கிற உரிமை, இருவருக்கும் பொது. கிழமை நாட்களில் பிள்ளை மன்னார் உப்புக்குளத்தில் தாயோடு. சனியும் ஞாயிறும் பெரியமடுவில் தகப்பனோடு. பிள்ளையைப் பற்றிய முக்கியமான முடிவுகள் எல்லாவற்றையும் இரண்டு பேரும் சமமாகவும் கூட்டாகவும் எடுக்க வேண்டும். புத்தியுள்ள இரண்டு பேர் கையில் கொடுத்திருந்தால் பிள்ளை சந்தோசமாக வளர்ந்திருக்கும். ஆனால் யசோதரனுக்கு வாய்த்த சட்டத்தரணி கனகரத்தினம்.

"தம்பி, பாவிக்காத உரிமை செத்துப்போகும்," என்றார் கனகரத்தினம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "ஒரு சனிக்கிழமையை விட்டுக்குடுத்தீரெண்டால் பேந்து அவை அதையே வழக்கமாக்கிப் போடுவினம். எதையும் விடாதையும். சின்ன விசயமெண்டு ஒண்டுமே இல்லை."

வரம்புக்காரனுக்கு இது வேதவாக்காகப் போய்விட்டது. பிள்ளையின் பிறந்தநாள் புதன்கிழமை வந்தது. புதன் தாயின் நாள். உப்புக்குளத்தில் கேக் வெட்டினார்கள். யசோதரன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை தன் வீட்டில் மெழுகுதிரி கொளுத்தும் வரைக்கும் பிள்ளைக்கு ஐந்து வயதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆக, புதன் தொடக்கம் சனி வரைக்கும் லக்சிகா மன்னார்த் தீவில் ஆறு வயதாகவும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து வயதாகவும் இருந்தாள். பிள்ளைக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை, இரண்டு கேக் கிடைத்தது. சனிக்கிழமைகளில் தாய் பின்னிவிட்ட இரட்டைப் பின்னலை அவிழ்த்து, சனிக்கிழமைத் தலைமயிர் தன்னுடையது என்று யசோதரன் தானே பின்னுவான். அந்தப் பின்னலோடு அவள் தெருவில் இறங்கினால் கழுதைகூட நின்று பார்க்கும். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கப்பா" என்பாள். தகப்பனைச் சமாளிக்க அந்த வயதிலேயே படித்துவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் கனடாவிலிருந்து பிரேமினியின் தம்பி பிரணவன் வந்திறங்கினான், காது குத்துவதற்கு.

லக்சிகாவுக்கு எப்போதோ குத்தியிருக்க வேண்டியது. தாய்மாமன் மடியில் இருத்தித்தானே குத்துவது? மாமனுக்கு விசா சரிவரவில்லை. விசா சரிவந்தபோது பெற்றோருக்குச் சரிவரவில்லை. கடைசியில் பிரணவன் ஒரு சோடித் தங்கத் தோட்டோடும் இரண்டு கிழமை லீவோடும் வந்து நின்றான். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார். அது சனிக்கிழமை.

"சனிக்கிழமையோ?" என்றான் யசோதரன் போனில். அவனுடைய குரலிலேயே மண்வெட்டிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், பிரேமினி உடனே உசாரானாள்.

"ஓம், சனிக்கிழமை. நீங்களும் வாங்கோ. வந்து முன்னுக்கு நிண்டு பாருங்கோ."

"சனிக்கிழமை பிள்ளை என்னோட. அப்ப என்ர மடியிலதான் இருக்க வேணும்."

"உங்களுக்கென்ன விசரே? தாய்மாமன் மடியில இருத்தித்தான் குத்துறது. ஊருலகத்தில எங்கயாவது தேப்பன்ர மடியில வைச்சுக் குத்தினவையே?"

"ஊருலகத்தில உள்ளவையிட்டக் கோட்டு ஓடர் இல்லை. என்னட்ட இருக்கு."

கனகரத்தினம் இதைக் கேட்டுக் கதிரையை விட்டு எழுந்தே விட்டார். அவருடைய தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு சட்டப்பிரச்சினை வாய்த்ததில்லை. "மடி எண்டால் என்ன? பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கிற இடம். பிடிச்சு வைச்சிருக்கிறதுக்குப் பேர்தான் கட்டுக்காப்பு. சனிக்கிழமைக் கட்டுக்காப்பு உமக்கு. அப்ப சனிக்கிழமை மடியும் உமக்குத்தான்!"

பிரேமினியின் பக்கத்துச் சட்டத்தரணி றொஷான் இளம் ஆள், சளைத்தவனில்லை. வழக்காற்றுப்படி தாய்மாமன் மடி காலங்காலமாக அனுபவித்து வந்த மடி என்று எழுதினான். பிரணவன் தன் பங்குக்கு, "நான் ரெண்டு பிளைட் மாறி வந்தனான் மச்சான், மடியைத் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டான். இரண்டு சட்டத்தரணிகளும் கந்தோருக்குக் கந்தோர் கடிதம் போட்டுக் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால்தான் இவ்வளவு மொக்கு வேலை நடக்கும். இரண்டு கதிரை போடுவது. ஒன்றில் தாய்மாமன், மற்றதில் தகப்பன். பிள்ளையை இரண்டு மடிக்கும் நடுவே இருத்துவது. வலக்காது தாய்ப்பகுதிக்கு, இடக்காது அப்பாவுக்கு.

கோயில் மண்டபத்தில் சனம் இருந்தது. யசோதரனின் கதிரை கொஞ்சம் பதிவாக இருந்ததால் அவன் ஒரு சாக்கை மடித்துக் கீழே போட்டுக்கொண்டு, பிரணவனின் மடிக்கும் தன் மடிக்கும் மட்டம் சரியா என்று கையால் தடவிப் பார்த்தான். பிரணவன் கனடாவில் உள்ளவர்களுக்குக் காட்டப் போனை ஒரு கையில் உயர்த்திப் பிடித்திருந்தான். நகை செய்கிற பத்தர் ஊசியோடு வந்து, இரண்டு மடியையும் மாறிமாறிப் பார்த்து, "இதென்ன கோதாரி" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். அவர் காது குத்துகிறவர், வழக்குப் பேசுகிறவரில்லை. வலக்காதில் ஊசியை இறக்கித் தோட்டைப் போட்டுக் காதின் பின்பக்கத்தில் சுரையைத் திருகினார்.

லக்சிகா வீரிட்டுக் குழறின குழறலில் மேளகாரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். பிரணவன் திடுக்கிட்டுக் கையை விட்டான். யசோதரனும் விட்டான். சமமாகவும் கூட்டாகவும் விட்டார்கள். பிள்ளை இரண்டு கதிரைக்கும் நடுவில் கிடந்த இடைவெளியால் நழுவி விழுந்து, எழும்பி, சனத்தின் கால்களுக்குள்ளால் ஓடித் தேருக்குக் கீழே போய்ப் புகுந்துகொண்டாள். இனிப்புக் காட்டினார்கள், பொம்மை காட்டினார்கள், ஐயர் மணி அடித்துக் காட்டினார். சுபநேரம் முடியும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை. அடுத்த கிழமை பிரணவன் கனடாவுக்கு ஏறிவிட்டான்.

மிஞ்சியது இடக்காது. தோட்டில் ஒன்று பிள்ளையின் வலக்காதில், மற்றது யசோதரனின் அலுமாரிக்குள்.

முதலில் அவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இடக்காது தன்னுடையது. தன்னுடைய சம்மதம் இல்லாமல் ஊசி அண்ட முடியாது. பிரேமினி, "பள்ளிக்கூடத்தில ஒத்தைத் தோடு ஒத்தைத் தோடெண்டு பகிடி பண்ணுறாங்கள். டொக்டரிட்டையாவது கூட்டிக்கொண்டு போய்க் குத்திவிடுவமே?" என்று கேட்டபோது, "அது என்ர பக்கம். நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வெட்டிச் சொன்னான்.

பார்த்துக்கொள்ளத்தான் அவனால் முடியவில்லை. சனிக்கிழமை பிள்ளையை மோட்டார்சைக்கிளில் முன்னால் இருத்திப் பத்தரின் பட்டறைக்குப் போவான். பட்டறை வாசலைக் கண்டதும் லக்சிகா ஒரு சத்தமும் போடாமல் இடக்காதைக் கையால் பொத்துவாள். "அப்பா, இண்டைக்கோ?" என்று கேட்பாள். "இல்லையம்மா, சும்மா இந்தப் பக்கத்தால வந்தனாங்கள்" என்று யசோதரன் திருப்பிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பான். அடுத்த சனியும் அதே கதை. ஊரோடும் நீதிமன்றத்தோடும் மல்லுக்கட்டி வென்றெடுத்த உரிமை எதற்கென்று பார்த்தால், சொந்தப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக் குழறப் பண்ணுவதற்கு. இது அவனுக்குப் பட்டறை வாசலில்தான் விளங்கியது. அந்த உரிமையை வைத்திருக்கவும் முடியவில்லை, பாவிக்கவும் முடியவில்லை.

பிரேமினிக்குப் பொறுமை போய்விட்டது. றொஷான் மனுப் போட்டான். தகப்பன் தானும் செய்யாமல் தாயையும் செய்யவிடாமல் பிள்ளையை ஒற்றைத் தோட்டோடு வைத்திருக்கிறார். ஆகவே பிள்ளையைப் பற்றிய முடிவெடுக்கும் உரிமை முழுவதையும் தாயிடமே கொடுக்க வேண்டும். நீதிபதி அம்மாவுக்கு முன்னால் அன்றைக்குக் காணி வழக்குகள் குவிந்து கிடந்தன. அவர் மனுவை ஒருதரம் வாசித்து, நம்பாமல் மறுபடியும் வாசித்தார்.

"அடுத்த வழக்குத் தவணைக்கு முன்னம் இந்த இடக்காது விசயத்தை முடிச்சுப்போட்டு வாங்கோ," என்றார் யசோதரனைப் பார்த்து. "இல்லையெண்டால் முடிவெடுக்கிறதைத் தாயிட்ட விடுறதைப் பற்றித்தான் நான் யோசிக்க வேண்டி வரும்."

வெளியே வந்து கனகரத்தினம் கையைப் பிசைந்தார். "இதில தோத்தீரெண்டால் அவ்வளவுதான் தம்பி. இண்டைக்குக் காது போகும், நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும், பேந்து சனி ஞாயிறும் போகும். கடைசியில நீர் பிள்ளையைப் பாக்க வாற விருந்தாளி." சனியும் ஞாயிறும் இல்லாத ஒரு கிழமையை யசோதரனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிரிந்த பிறகு அவனுடைய வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிற நாளே அது இரண்டும்தான்.

தவணைக்கு முந்தின கடைசிச் சனிக்கிழமை. இன்றைக்கு என்ன வந்தாலும் குத்துவது என்று முடிவெடுத்துத்தான் பிள்ளையைக் கூட்டிவந்தான். பிரேமினி அரிப்பு என்கிற ஊரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பிள்ளையை விட்டாள். வீட்டுக்கு வந்து பின்னலை அவிழ்க்கும்போதுதான் கண்டான், வலக்காது சிவந்து வீங்கியிருந்தது.

"நோகுதப்பா," என்றாள் லக்சிகா.

யசோதரன் மருந்தெடுக்கப் போகவில்லை. போனை எடுத்துக் கனகரத்தினத்துக்கு அடித்தான். வேலி போடுகிறவனுக்கு முதலில் கை போவது அங்கேதானே.

"தொடாதையும்!" என்று கத்தினார் கனகரத்தினம். "வலக்காது அவையின்ர பொறுப்பு. நீர் ஏதும் பூசினால், நீர் பூசினதாலதான் பழுத்ததெண்டு சொல்லுவினம். கை வைக்காமல் வடிவாப் படம் எடும். அவையின்ர காதை அவை எப்பிடி வைச்சிருக்கினம் எண்டு கோட்டுக்குக் காட்டுவம். இதுதான் தம்பி எங்களுக்குக் கிடைச்ச துரும்புச் சீட்டு!"

யசோதரன் படம் எடுத்தான். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, வெளிச்சம் போதாதென்று முற்றத்துக்குக் கொண்டுபோய். முதற் படத்துக்கு லக்சிகா சிரித்தாள், படம் எடுத்தால் சிரிக்க வேண்டுமென்று நினைத்து. பிறகு சிரிக்கவில்லை. இடையிடையே "நோகுதப்பா" என்றாள். அவன், "கொஞ்சம் பொறம்மா, அம்மா வந்து பாப்பா" என்றான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. மத்தியானம் சோறு குழைத்து வாயில் தீத்தப்போனால் பிள்ளையின் நெற்றி கொதித்தது.

அதற்குப் பிறகு அவன் ஒருவரையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஜுனைதீனின் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பாலத்தில் காற்று ஓட்டோவைப் பிடித்துத் தள்ளியது. பிள்ளை இடப்பக்கத்தை அவனுடைய நெஞ்சில் வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாள். வழியில் பிரேமினிக்கு அடித்தான். "அரிப்பில நிக்கிறன், இப்ப வெளிக்கிடுறன்" என்று அவள் அழுகிற குரலில் சொன்னாள்.

டொக்டர் நசீறா இளம் பெண். காதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "தோட்டுச் சுரை சதைக்குள்ள போயிட்டு. இப்பவே எடுக்கணும். விறைக்கிறதுக்கு ஒரு ஊசி போட்டு எடுப்போம். நீங்க வாப்பாதானே, இதில சைன் வைங்க."

யசோதரன் பேனையை வாங்கினான். இங்கேதான் அவனுடைய வாயில் சனி வந்து குந்தியது.

"டொக்டர், இந்தக் காதுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது."

"ஏன்?"

"இது தாய்ப்பகுதிக் காது." சட்டைப்பைக்குள்ளிருந்து லமினேட் பண்ணிய கட்டளையை எடுத்து நீட்டினான். "நான் வைச்சால் பேந்து வழக்கில பிழையாய்ப் போகும். எனக்கு மற்றக் காதுதான்."

டொக்டர் நசீறா கட்டளையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு இடக்காதைப் பார்த்தார். "உங்கட காதில ஒரு வருத்தமும் இல்லையே."

"இல்லைத்தானே," என்றான் யசோதரன், தன்னையறியாமல். "அதை நான் வடிவா வைச்சிருக்கிறன்."

பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். டொக்டர் நசீறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அவனை விட்டுவிட்டுப் பிள்ளையின் முன்னால் குந்தினார். "மகள், ஊசி போடக்குள்ள ஆடக்கூடாது, என்ன? அப்பாட மடியில இருங்க. அப்பா இறுக்கிப் பிடிப்பார்."

லக்சிகா தலையாட்டி மறுத்தாள். அழவில்லை, கோபப்படவுமில்லை. புதிதாக வந்த ஆளுக்கு வீட்டு வழக்கத்தை விளங்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள்.

"அப்பா பிடிக்க மாட்டார் டொக்டர். இது அம்மான்ர காது. நோகிற காது அம்மான்ர. நோகாததுதான் அப்பான்ர."

யசோதரனை ஒருவரும் இப்படி அடித்ததில்லை, பக்கத்து வயற்காரர்கூட. இவ்வளவு காலமும் காவல் காத்து, கடிதம் போட்டு, கதிரைக்குச் சாக்கு வைத்து அவன் கட்டின வரம்பு, பிள்ளையின் முகத்துக்கு நடுவால் போயிருந்தது. நோகிற பக்கம் முழுவதையும் அவன் தானாகவே மற்றவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தான். அதைப் பிள்ளை கணக்காக விளங்கி வைத்திருந்தாள். அதற்காக அவள் அவனிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

அவன் கையெழுத்தை வைத்தான். கட்டிலில் ஏறி இருந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். அவனுடைய பைக்குள் போன் அடித்தது, கனகரத்தினமாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. ஊசி ஏறியதும் லக்சிகா கோயிலில் குழறியதைவிடப் பெரிதாகக் குழறினாள். உதைத்தாள், "விடுங்கோ அப்பா, விடுங்கோ" என்று கெஞ்சினாள். விடவில்லை என்றதும் அவனுடைய முழங்கைக்குக் கீழே வாயை வைத்துக் கடித்தாள். அவனும் அழுதுகொண்டுதான் பிடித்திருந்தான். தோட்டை எடுத்துச் சீழைத் துடைத்துக் கட்டுப் போட்டு முடியும்போது பார்த்தால், கலியாண வீட்டுச் சேலையோடு பிரேமினி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

தவணை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கனகரத்தினம் பெரிய உற்சாகத்தில் இருந்தார். மருத்துவ அறிக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, வலக்காதின் துளை தூர்ந்துவிட்டது. ஆகவே இப்போது இரண்டு காதுகளும் சம நிலையில் உள்ளன. எந்தத் தரப்பும் எந்தக் காதையும் குத்தியதாகக் கொள்ள முடியாது. மனுவுக்கு அடிப்படையே இல்லை. தாயின் பொறுப்பில் இருந்த காதுதான் பழுத்தது என்பதற்கு எங்களிடம் படங்களும் இருக்கின்றன."

நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தகப்பனுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

"ஒண்டுமில்லையெண்டு சொல்லும்," என்று கனகரத்தினம் கிசுகிசுத்தார்.

யசோதரன் எழுந்தான். "இருக்கு அம்மா. அந்தப் படங்களை நான்தான் எடுத்தனான். பிள்ளை காலமை தொடங்கி நோகுது நோகுது எண்டு சொன்னவள். நான் மருந்து போடாமல் படம் எடுத்துக்கொண்டு நிண்டனான். டொக்டரிட்டயும் இது என்ர காதில்லை எண்டு சொன்னனான். முடிவெடுக்கிற உரிமையைத் தாயிட்டயே குடுங்கோ. எனக்கு அந்தத் தகுதி இல்லை."

"ஆட்சேபிக்கிறேன்!" என்றார் கனகரத்தினம்.

"உங்கட சொந்தக் கட்சிக்காரரையோ?" என்றார் நீதிபதி.

"ஆம், கனம் நீதிபதி அவர்களே. வன்மையாக ஆட்சேபிக்கிறேன்."

றொஷான் துள்ளி எழுந்தான். "தகப்பனே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே மனுவில் கேட்டபடி…"

"இல்லை," என்று ஒரு குரல் கேட்டது. பிரேமினி எழுந்து நின்றாள். "அவர் முழுக்கச் சொல்லேல்லை அம்மா."

"நீங்கள் இருங்கோ," என்று றொஷான் பதறினான். அவள் இருக்கவில்லை. "கனம் நீதிபதி அவர்களே, என்னுடைய கட்சிக்காரர் பேசுவதை நானும் ஆட்சேபிக்கிறேன்!"

பின்வரிசை வாங்கில் காணி வழக்குக்கு வந்து காத்திருந்த சனம் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. நீதிபதி பேனையை மேசையில் வைத்தார். "சட்டத்தரணிமார் ரெண்டு பேரும் இருங்கோ. இவை ரெண்டு பேரும் நிக்கட்டும். நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

பிரேமினி நீதிபதியைப் பார்த்துத்தான் சொன்னாள், யசோதரனின் பக்கம் திரும்பவில்லை. "நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரேக்க பிள்ளை குழறுற சத்தம் வாசலுக்குக் கேட்டது. காது குத்தின அண்டைக்கு அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் கையை விட்டவை. என்ர தம்பி விட்டவன், இவரும் விட்டவர், நானும் கிட்டப் போகேல்லை. ஆஸ்பத்திரியில இவர் விடேல்லை. அவள் இவற்ற கையைக் கடிச்சவள் அம்மா. கடிக்கக் கடிக்க விடேல்லை. நான் கண்ணால கண்டனான். அப்பிடிப்பட்ட ஆளிட்ட இருந்து ஒண்டையும் எடுக்காதைங்கோ."

"கையைக் காட்டுங்கோ," என்றார் நீதிபதி. யசோதரன் சட்டைக் கையை மடித்து உயர்த்திக் காட்டினான். அடையாளம் நாவல் நிறத்தில் இன்னும் கிடந்தது. கனகரத்தினமும் றொஷானும் எட்டிப் பார்த்தார்கள்.

"மனுத் தள்ளுபடி. பழைய கட்டளை அப்பிடியே இருக்கும்," என்றார் நீதிபதி. "இனி இந்தப் பிள்ளையின்ர ஒரு உறுப்பும் என்ர கோட்டுக்கு வரக்கூடாது. அடுத்த வழக்கு."

வெளியே விறாந்தையில் யசோதரன் மடித்த சட்டைக் கையோடு தூணில் சாய்ந்து நின்று, வந்தவன் போனவன் எல்லாரும் பார்க்க அழுதான். பிரேமினி படியிறங்கிப் போனவள் திரும்பி வந்தாள்.

"சட்டைக் கையை இறக்குங்கோ, சனம் பாக்குது," என்றாள். "நாளைக்குச் சனிக்கிழமை. நேரத்துக்கு வாங்கோ. நீங்கள் வாறதெண்டால் அவள் விடியவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்லதான் நிப்பாள்."